தீப்புள்ளிக்கு ஒரு பெயர்

2019 பிப்ரவரி 23, சனிக்கிழமை. பெங்களூரில் யாரைக் கேட்டாலும் எலகங்காவைப் பற்றித்தான் பேசினார்கள். விமானக் கண்காட்சியின் வாகன நிறுத்தத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டு, சுமார் 300 கார்கள் கருகிப் போயிருந்தன. தொலைக்காட்சியில் அந்தப் புகைதான் திரும்பத் திரும்ப ஓடியது. அதே நேரத்தில் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பந்திப்பூர் புலிகள் காப்பகம் மூன்றாவது நாளாக எரிந்துகொண்டிருந்தது. 21ஆம் தேதி தொடங்கிய அந்தத் தீயின் மேல் தண்ணீர் ஊற்ற விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தபோது 25ஆம் தேதி ஆகிவிட்டது. எரிந்த பரப்பு 10,900 ஏக்கருக்கு மேல், அதாவது சுமார் 4,400 ஹெக்டேர் என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தேசிய தொலை உணர்வு மையம் பிறகு கணக்கிட்டது.

நான் நிலப்படத் தொழிலில் இருப்பவன். அந்த ஐந்து நாளும் ஸ்ரீராம்புரத்து மாடி அறையில், யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற தரவுகளை வைத்துக்கொண்டு அந்தத் தீ நகர்வதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் தீக்காலத்தில் காட்டோரத்து ஆட்களுக்காகப் படம் போட்டுத் தருகிற வேலை என்னோடு ஒட்டிக்கொண்டது. அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்ரீராம்புரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து மில் வேலைக்கு வந்தவர். இப்போது மந்திரி மால் நிற்கிற இடத்தில் இருந்த ராஜா மில், இன்னும் சுற்றுவட்டாரத்து மில்கள், ரயில்வே வேலை, கட்டட வேலை என்று வந்த தமிழ்க் குடும்பங்களால் நிறைந்த பேட்டை இது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். இரண்டு மொழியையும் நாங்கள் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை, தெருவே கற்றுக்கொடுத்துவிடும். இதை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவே மோயாறு ஓடுகிறது. வடகரை கர்நாடகம், தென்கரை தமிழ்நாடு. யானைக்கும் தீக்கும் அந்தக் கோடு கிடையாது. படத்துக்கும் பதிவேட்டுக்கும் உண்டு. இரண்டு கரையிலும் போய் உட்கார்ந்து பேச முடிந்தது என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி.

முதலில் அந்தச் சிவப்புப் புள்ளி. நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தைத் திறந்தால் உலகம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். பார்க்கிறவர்கள் ஒவ்வொன்றையும் ஒரு தீ என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு சதுரத்தின் நடுப்புள்ளி. வியர்ஸ் என்ற கருவிக்கு அந்தச் சதுரம் 375 மீட்டர், பழைய மோடிஸ் கருவிக்கு ஒரு கிலோமீட்டர். சதுரத்துக்குள் எங்கோ சூடு இருக்கிறது என்பது மட்டும்தான் செய்தி. செயற்கைக்கோளின் பார்வை ஓரத்துக்குப் போகப் போகச் சதுரமும் பெரிதாகும். அதனால் புள்ளி விழுந்த இடத்துக்கு ஆளை ஓட்டினால், அவர் பள்ளத்தின் இந்தப் பக்கம் நிற்க, தீ அந்தப் பக்கம் எரியலாம். மலைக்காட்டில் முந்நூறு மீட்டர் என்பது ஒரு மணி நேர நடை. நான் அனுப்பும் படத்தில் புள்ளியை வைப்பதே இல்லை. சதுரத்தை வரைந்து அனுப்புகிறேன். காவலர்கள் அதை உடனே புரிந்துகொண்டார்கள். "இதுக்குள்ள தேடணும், அவ்வளவுதானே சார்?" என்றார் ஒருவர். அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். வியர்ஸ் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும். மோடிஸ் சுமக்கும் டெர்ரா பல ஆண்டுகள் காலை பத்தரைக்கு வந்தது. படம் எடுத்து, கீழே இறக்கி, கணக்குப் போட்டு, தளத்தில் ஏற மூன்று மணி நேரம் வரை ஆகும். இலையுதிர் காட்டில் தீ வேகம் பிடிப்பதோ பகல் இரண்டு மணிக்கு மேல், காற்று எழும்பிச் சருகு முறுகலாக இருக்கும் பொழுதில். மூன்று மணிக்கு யாரோ வைத்த தீயை வியர்ஸ் செயற்கைக்கோள்கள் நள்ளிரவுக்குப் பிறகுதான் பார்க்கும். அந்தச் செய்தி ஒரு வனக்காப்பாளரின் கைப்பேசிக்கு விடியற்காலையில் வரும். நம் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறது. ஆனால் வெப்பத்தைப் பார்க்கும் அதன் ஒரு சதுரம் நான்கு கிலோமீட்டர். சின்னத் தீ அதில் தெரியாது.

கோப்பில் நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். 0812 என்று போட்டிருந்தால் நமக்குப் பகல் 1.42. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் அப்படியே அனுப்பப்பட்ட ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்கு அங்கே தீயே இல்லை என்று ஆட்கள் வாதாடியதை ஒரு காட்டில் பார்த்தேன். அன்றிலிருந்து நேரத்தை மாற்றி, 'மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால்' என்று எழுத்திலேயே போட்டுவிடுகிறேன்.

புள்ளி எல்லாம் காட்டுத்தீயும் இல்லை. மாண்டியா பக்கம் கரும்புச் சோகையைக் கொளுத்தினாலும் புள்ளி விழும். செங்கல் சூளைக்கும் விழும். ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அது உலை அல்லது சூளை. அப்படிப்பட்ட இடங்களை முதலிலேயே கழித்துவிட வேண்டும். மறுபக்கம், மர நிழலுக்கடியில் முழங்கால் உயரத்தில் சருகை மட்டும் தின்றுகொண்டு போகும் தீ, எரிந்துகொண்டே இருந்தும் ஒரு புள்ளியைக்கூட எழுப்பாமல் போகலாம். புள்ளி இல்லை என்பதைத் தீ இல்லை என்று எந்தக் காவலருக்கும் நான் சொன்னதில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் இந்தப் புள்ளிகளை நான் மதிக்கிறேன். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் இதே தரவை எடுத்து மாநில வனத்துறைகளுக்குச் செய்தி அனுப்புகிறது. 2019 ஜனவரியில், பந்திப்பூர் எரிவதற்கு ஒரு மாதம் முன்பு, அந்த ஏற்பாட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. எந்த மாநிலம் தன் பீட் எல்லைகளை, அதாவது ஒவ்வொரு வனக்காப்பாளரின் பொறுப்புப் பகுதியின் எல்லையை, கணினிக்கு ஏற்றபடி கொடுத்ததோ, அங்கே செய்தி வட்டத்தோடு நிற்காமல் பீட் அளவுக்கு இறங்கிப் போகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொண்டு அந்தச் செய்தியைப் பெறலாம். எல்லாம் இலவசம். ஒரு காலத்தில் 50,000-க்கு ஒன்று அளவிலான நில அளவை வரைபடம் வாங்கவே அனுமதி கேட்டு அலைந்த துறை இது. 2017-இல் சர்வே ஆஃப் இந்தியா அந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தந்ததும், 2021 பிப்ரவரியில் நிலப்படத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியதும் எங்களைப் போன்ற சிறிய ஆட்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

எரிந்து முடிந்த பிறகு வரும் வேலை வேறு. அதற்கு சென்டினல்-2. ஐரோப்பாவின் இந்த இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத குறுஅலை அகச்சிவப்பில் எரிந்த நிலம் பளிச்சென்று பிரிந்து தெரியும். புகை இருந்தாலும் ஊடுருவித் தெரியும். எரிவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கணக்கு எளிது. ஆனால் வெளிநாட்டு ஊசியிலைக் காட்டுக்கு எழுதிய பாடத்தை அப்படியே பந்திப்பூரில் போட்டால் பாதிக் காடு எரிந்ததாகக் காட்டும். காரணம் தேக்கும் வெண்தேக்கும் இதர மரங்களும் அதே மாதங்களில் இலை உதிர்க்கின்றன. உதிர்ந்த காடும் கணினிக்குக் கொஞ்சம் எரிந்த காடு மாதிரிதான். அதனால் 'முன்' படத்தை டிசம்பரிலிருந்து எடுக்கக் கூடாது. தீக்கு ஐந்தாறு நாள் முன்பு எடுத்ததையே தேட வேண்டும். 'பின்' படத்தையும் தள்ளிப்போட முடியாது. ஏப்ரலில் இரண்டு கோடை மழை பெய்தால் புல் தளிர்த்துவிடும்; எரிந்த எல்லை கரைந்துவிடும். மார்ச் மாதத்தில் மேகமில்லாத ஒரு நாளுக்கு நான் காத்திருக்கும் பதற்றத்தை வீட்டில் எல்லோரும் அறிவார்கள்.

படத்தில் அடுத்த அடுக்கு சரிவு. அதைப் பற்றிப் பேசும்போது குரங்கணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிறு. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்களைக் கீழிருந்து ஏறி வந்த தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல், செங்குத்தான சரிவு, மேல்நோக்கி வீசும் பகல் காற்று என்று எல்லாம் ஒன்று சேர்ந்த இடம் அது. ஆஸ்திரேலியாவில் மக்ஆர்தர் வகுத்துக் கொடுத்த தோராயக் கணக்கு ஒன்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பாடம்: ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் மேலேறும் தீயின் வேகம் இரட்டிக்கும். முப்பது பாகைச் சரிவில் எட்டு மடங்கு. மனிதக் காலின் வேகமோ அதே சரிவில் குறையும். இந்தச் சரிவைக் கணக்கிடத் தேவையான உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாளில் உலகின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்து எடுத்தது. 2014-இன் பிற்பகுதியிலிருந்து அது 30 மீட்டர் நுணுக்கத்தில் யாருக்கும் கிடைக்கிறது. க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டால் ஒரு மாலைப் பொழுதில் ஒரு மலைத்தொடரின் சரிவுப்படம் தயார்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீக்காலத்தில் வழிகள் மூடப்படுகின்றன. அது சரியான முடிவு. கூடவே ஒவ்வொரு மலைப் பாதைக்கும் ஒரு சரிவுப்படம் பாதை தொடங்கும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எந்த வளைவில் கீழே புல்சரிவு இருக்கிறது, எங்கே பாறைத்திட்டு இருக்கிறது, தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடக்கூடாது என்பது தீயே இல்லாத நாளில் கண்ணில் பட வேண்டிய செய்தி.

இனி நான் மிகவும் அக்கறைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தரவு எல்லாவற்றையும் அடுக்கி, சதுரம் வரைந்து, சரிவைப் பூசி, ஓடைகளை நீலத்தில் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காட்டில் என்ன நடக்கும்? தென்கரையில் ஒரு முகாமில், வேலையில் தலை நரைத்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் என் படத்தை நெடுநேரம் பார்த்தார். எல்லாம் இருந்தது, அட்சரேகை தீர்க்கரேகை உட்பட. "நல்லாயிருக்கு சார். ஆனா இது எந்த இடம்?" என்று கேட்டார்.

அவருக்கு அந்தக் காட்டில் பெயர் இல்லாத இடமே கிடையாது. பள்ளத்துக்குப் பெயர், பாறைக்குப் பெயர், விழுந்துபோன மரத்தின் பெயரில் ஒரு திருப்பம், யானை செத்த ஆண்டின் நினைவில் ஒரு மேடு. வயர்லெஸ்ஸில் அவர்கள் அந்தப் பெயர்களில்தான் பேசுகிறார்கள். தீயணைக்கும் குழு ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மேலே எதிர்த்தீ வைக்கவும் மறு பாதியைத் தழை ஒடித்துப் பக்கவாட்டில் அடிக்கவும் அனுப்பும்போது, எல்லோருக்கும் ஒரே இடம் ஒரே பெயரில் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தின் எந்தச் செயற்கைக்கோளும் இந்தப் பெயர்களை எடுக்கவில்லை. சர்வே படத்தில் பெரிய குன்றும் பெரிய ஓடையும் மட்டும் உண்டு. சில பெயர்கள் இப்போது யாரும் சொல்லாதவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலையை விட்டு இறங்கினால் காட்டுக்குள் பெரும்பகுதி வெறுமை.

ஆகவே என் வேலையின் முக்கியப் பகுதி கணினியை விட்டு வெளியே வந்தது. நவம்பர், டிசம்பரில், தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்குகிற வேலை நடக்கும்போது அவர்களோடு நடப்பது. கைப்பேசியில் இடத்தைக் குறிப்பது, பெயரைக் கேட்பது, வேறொருவரிடம் சரிபார்ப்பது. வடகரையில் ஜேனு குருபர்களும் சோலிகர்களும் கன்னடத்தில் சொன்னதையும், தென்கரையில் இருளரும் குறும்பரும் தமிழ் கலந்து சொன்னதையும் ஒரே படத்தில் வைப்பது. மோயாற்றின் ஒரே வளைவுக்கு இரண்டு கரையில் இரண்டு பெயர். இரண்டையும் எழுதினேன், இரண்டு எழுத்திலும். இப்போது தீச்சதுரம் ஒன்று விழுந்தால், அதோடு அருகிலுள்ள மூன்று பெயர்கள் தானாகச் சேர்ந்து போகின்றன. முன்பு எண்ணைப் படித்து இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் இப்போது பெயரைக் கேட்டதும் புறப்பட்டுவிடுகிறார்கள்.

தீத்தடுப்புக் கோடுகளும் அப்படியே. எது இந்த ஆண்டு செதுக்கி எரித்துச் சுத்தம் செய்யப்பட்டது, எது புல் மண்டி விடப்பட்டது என்பது ஒரு தீக்காலத்தின் தலையெழுத்தையே முடிவு செய்யும் தகவல். அது பெரும்பாலும் ஏதோ ஒரு சரக அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் எரிபொருள் அடர்த்தியை 30 மீட்டர் சதுரங்களில் நாடு முழுவதற்கும் வரைந்து லேண்ட்ஃபயர் என்ற பெயரில் திறந்து வைத்திருக்கிறார்கள். 1984 முதல் பெருந்தீக்கள் ஒவ்வொன்றின் எல்லையும் இறக்கிக்கொள்ளலாம். நம் காடுகளுக்கு எரிந்த எல்லைகளை நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே வரைந்து தனித்தனியே வைத்துக்கொண்டிருக்கிறோம். தீத்தடுப்புக் கோடுகளும் எரிந்த எல்லைகளும் ஆண்டுதோறும் பொதுவில் வரவேண்டும். அதில் ரகசியம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. கோடையில் தண்ணீர் நிற்கும் குட்டைகளும் காவல் முகாம்களும் தீயணைப்பவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு வேட்டைக்காரனுக்கும் தேவை. பெயர் சேகரிக்கும்போது அந்த இரண்டு அடுக்கையும் தனியே பிரித்து, சரகத்தில் உள்ளவர்களின் கையில் மட்டும் கொடுத்துவிடுகிறேன். பழங்குடி மக்களின் கோயில்களும் அப்படித்தான். சொன்னவர்கள் அனுமதித்தால் மட்டும்.

பழைய படங்களிலிருந்து தீயின் வரலாற்றை எழுதுவதுதான் எனக்கு இப்போது மிகவும் பிடித்த வேலை. ஸ்ரீராம்புரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார், அவரோடு நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன் ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு முதுமலையில் 1989 முதல் 2002 வரை எரிந்த இடங்களை அடுக்கிப் பார்த்தது. ஓர் இடம் மறுபடி எரிய ஆகும் சராசரிக் காலம் மூன்று ஆண்டைச் சற்றே தாண்டுகிறது என்பது அதன் முடிவு. மரக்கன்று ஒன்று தீயைத் தாங்கும் தடிமனுக்கு வருவதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது. 2008-இல் லேண்ட்சாட் களஞ்சியம் முழுவதும் இலவசமான பிறகு இந்த அடுக்கை நீட்டிக்க யாராலும் முடிகிறது. ஒரே சங்கடம், 2003 மே மாதத்தில் லேண்ட்சாட்-7-இன் ஒரு பாகம் பழுதாகி, அதற்குப் பிந்தைய அதன் படங்களில் எல்லாம் குறுக்கே கருப்புப் பட்டைகள். அந்தக் காலத் தீக்களை நான் பட்டைகளுக்கு நடுவே ஒட்டுப்போட்டுத்தான் வரைகிறேன்.

சோலிகர்களிடம் இந்த அடுக்கைக் காட்டுவது எனக்குப் பெரிய படிப்பு. பிலிகிரிரங்கன் மலையில் ஆண்டின் தொடக்கத்திலேயே, சருகு இன்னும் முழுக்க முறுகாத பருவத்தில், மெல்லிய தீயை ஓடவிடுவது அவர்கள் வழக்கம். தரகு பெங்கி என்பார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் மலை சரணாலயமானதும் அது நின்றது. அந்தத் தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியது என்கிறார்கள் பெரியவர்கள். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் தரைத்தீ மரக்கிளைக்கு ஏறுகிறது. எரிந்த இடத்தில் மறுபடி உண்ணிச்செடியே முதலில் முளைக்கிறது. அங்கிலா ஹிரேமத்தும் பரத் சுந்தரமும் இந்தச் சுழலைப் பற்றி 2005-இல் எழுதினார்கள். எல்லாக் காட்டுக்கும் இது பொருந்துமா என்று விவாதம் உண்டு. ஆனால் எந்தத் திட்டமும் உண்ணிச்செடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போட முடியாது என்பதில் இரு தரப்புக்கும் மாறுபாடு இல்லை.

அதைப் பொதுத் தரவிலிருந்தே எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஜனவரியில் மேலே மரங்கள் இலையுதிர்த்து நிற்க, கீழே உண்ணிச்செடி இன்னும் பச்சையாக இருக்கும் சில வாரங்கள் உண்டு. அந்த வாரங்களின் சென்டினல் படத்தில் தெரிகிற பச்சையில் ஓடையோரத்தையும் மூங்கிலையும் கழித்தால் மிஞ்சுவதில் பெரும்பகுதி அதுதான். கழிப்பதற்குத் தரையில் நின்று பார்த்த சான்றுகள் வேண்டும், நிறைய வேண்டும். கோடு செதுக்கப் போகும் காவலர்களிடம் இந்த முறை பெயரோடு இதையும் குறித்துத் தரக் கேட்டிருக்கிறேன்: புதர் முழங்கால் அளவா, இடுப்பளவா, தலைக்கு மேலா. மூன்றே விடைகள், படம் ஒன்று. தென்கரையிலிருந்து முதல் குறிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. வடகரையில் அடுத்த வாரம் நடக்கிறோம்.